அச்சோவியம்: சீவும் கைக்கு ஏற்ற கலை

ஓவியக் கலை என்றதும் நம் தோட்டப்புற மக்கள் சற்று ஒதுங்கி நிற்பது வழக்கம். “அது படித்தவர்க்கும் பணம் படைத்தவர்க்கும் உரியது, பால்மரம் சீவிப் பிழைக்கும் நமக்கு அதில் என்ன வேலை?” என்று கேட்போர் உண்டு. சட்டமிட்ட பெரிய வண்ண ஓவியங்களை மட்டும் மனத்திற்கொண்டால் அக்கேள்வியில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே தோன்றும். அத்தகைய ஓவியம் உலகில் ஒன்றே இருக்கும். அதனை ஒருவரே வாங்க இயலும். மற்றவர் காண வேண்டுமாயின் நகரத்துக் கலைக்கூடத்திற்குச் செல்ல வேண்டும்.

ஆனால் ஓவியக் குடும்பத்திலேயே ஒருவர்க்கு மட்டும் உரிமையாகாத கிளை ஒன்றுண்டு. அதுவே அச்சோவியம். பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுப்பது அதன் எளிய முறை. ஒரு பலகையிலிருந்து இருபது படங்களும் எடுக்கலாம், ஐம்பதும் எடுக்கலாம். ஆகவே ஒரே படம் ஒரு லயத்தின் எல்லா வீடுகளிலும் தொங்க முடியும். இக்கலையைக் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பிற இடங்களிலும் ஓவியர்கள் பொதுமக்களோடு பகிர்ந்துகொண்ட வரலாற்றையும், அதனைத் தோட்ட மண்டபத்திலேயே செய்து பார்க்கும் வழியையும் இங்கு விளக்குவோம்.

அச்சு நமக்குப் புதிதன்று

அச்சு என்ற சொல் நம் அடுப்படியிலேயே வழங்குவது. அச்சு முறுக்கும் அச்சு வெல்லமும் நாம் அறிந்தவை. மாவோ பாகோ எந்த அச்சில் விழுகிறதோ அந்த வடிவத்தைப் பெறுகிறது. அச்சு ஒன்றாயினும் அதிலிருந்து வரும் பண்டம் பல. செங்கல் அறுப்பவரும் அச்சில்தான் மண்ணை நிரப்புகின்றனர். கோலாலம்பூரில் நம்மவர் மிகுதியாக வாழ்ந்துவரும் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் தன் பெயரையே செங்கற்சூளைகளால் பெற்றது. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் தீக்கும் வெள்ளத்திற்கும் இரையான பின்னர், அத்தாப்புக் கூரை வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுக்கு வேண்டிய கல் இவ்வட்டாரத்துச் சூளைகளில் சுடப்பட்டது.

இவற்றைக் காட்டிலும் நமக்கு நெருங்கிய அச்சு ஒன்றுண்டு. எழுத்தறியாத நம் முன்னோர் சம்பளப் பதிவேட்டிலும் ஒப்பந்தத் தாளிலும் பெருவிரலை மையில் ஒற்றிப் பதித்த கைநாட்டே அது. விரலில் மேடாக உள்ள ரேகைகள் மையை ஏற்றுத் தாளில் பதிகின்றன; பள்ளமான இடங்கள் வெண்மையாக நிற்கின்றன. மரப்பலகையில் செதுக்கப்படும் அச்சோவியத்தின் விதியும் இதுவே. செதுக்கி நீக்கிய இடம் வெள்ளை. விட்டுவைத்த இடம் கறுப்பு. இந்த ஒரு விதியை உணர்ந்தவர் அச்சோவியத்தின் பாதியைக் கற்றவராவார்.

ரப்பருக்கும் ஓவியத்திற்கும் உள்ள உறவு

நாம் எடுக்கும் பாலுக்கும் ஓவியத்திற்கும் நெடுநாள் உறவுண்டு. ரப்பர் என்ற ஆங்கிலப் பெயரே ஓவியர் மேசையில் பிறந்ததுதான். 1770ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர், பென்சிற் கோடுகளைத் தாளிலிருந்து துடைத்தெடுக்க இப்பொருள் மிகவும் ஏற்றது என்று எழுதினார். தேய்த்து அழிப்பது என்ற பொருளில் அதற்கு ரப்பர் என்ற பெயர் நிலைத்தது. மோட்டார் வண்டிச் சக்கரத்திற்குச் செல்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னதாகவே ரப்பர் ஓவியரின் கையில் இருந்தது.

அச்சுத் தொழிலிலும் அதன் பங்கு பெரிது. மையைப் பலகைமேல் ஒரே சீராகப் பரப்பும் கையுருளை ரப்பரால் ஆனது. 1904ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்னும் அச்சகத்தார், தகட்டிலிருந்து நேரே தாளில் அச்சிடுவதைவிட, முதலில் ரப்பர் விரிப்பில் ஒற்றிப் பின்னர் அதிலிருந்து தாளுக்கு மாற்றினால் படம் தெளிவாக அமைவதைக் கண்டார். தாள் செல்லாமல் தவறி ஓடிய இயந்திரமே இதனை அவருக்குக் காட்டிக் கொடுத்தது. பிற்காலத்தில் செயற்கை ரப்பர் பெருமளவு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டதாயினும், செய்தித்தாள்களும் நாட்காட்டிகளும் இம்முறையிலேயே பல்லாயிரக்கணக்கில் அச்சாகி வந்துள்ளன.

தோட்டத்து ஆலையில் வேலை செய்தவர்க்கு இன்னொன்றும் விளங்கும். உறைந்த பாலை இரண்டு உருளைகளுக்கு இடையே செலுத்தி ஷீட்டாக்கும் இயந்திரத்தை அவர்கள் அறிவர். கடைசி உருளையில் வெட்டப்பட்டிருக்கும் வரிகள் ஷீட்டின்மேல் பதிகின்றன. அதனால் ஷீட்டின் பரப்புக் கூடி, புகைவீட்டில் விரைவில் உலர்கிறது. அவ்வரிகள் உருளையிலிருந்து ஷீட்டில் விழுந்த அச்சே அன்றி வேறில்லை. செப்புத் தகட்டு ஓவியம் அச்சிடும் இயந்திரமும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்தது. தகட்டையும் ஈரத் தாளையும் சேர்த்து, கனத்த உருளைகளுக்கு இடையே அழுத்தி வாங்குவதே அதன் வேலை.

கத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால்மரம் சீவுபவர் பட்டையை மெல்லியதாக அரிந்தெடுக்கிறார். உள்ளே மரத்தை வளர்க்கும் பசும்படலத்தைத் தொடாமல், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவே மிச்சம் விட்டுக் கத்தியை நிறுத்துகிறார். ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் மரம் காயப்பட்டு முண்டு விழும். விடியற்காலை இருளில், நெற்றி விளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த ஆழத்தைப் பிசகாமல் காக்கும் கை சாதாரணக் கையன்று. அச்சோவியரும் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போன்ற முனையுடைய சிற்றுளியால் ஒரே ஆழத்தில், ஒரே சாய்வில் கோடு அரிகிறார். நகரத்து மாணவர் பல மாதங்கள் பழகிப் பெறும் அந்த அடக்கம் நம் மக்களிடம் தொழில் வழியாக முன்பே அமைந்திருக்கிறது.

அச்சோவியத்தின் வகைகள்

அச்சோவியத்தை நால்வகையாகப் பிரிப்பர். முதலாவது, மேட்டிலிருந்து எடுக்கும் அச்சு. மரப்பலகை அச்சும் லினோ அச்சும் இவ்வகையைச் சேர்ந்தவை. லினோ என்பது 1860களில் இங்கிலாந்தில் பிரெடரிக் வால்டன் உருவாக்கிய தரைவிரிப்பு. ஆளி விதை எண்ணெயைக் கெட்டிப்படுத்தி, தக்கைத் தூள் கலந்து, சணல் துணிமேல் பரப்பிச் செய்வது. மரத்தைப் போல் இழைகள் இல்லாமையால் எத்திசையிலும் எளிதாகச் செதுக்கலாம். ஆகவே ஐரோப்பியப் பள்ளி ஆசிரியர்கள் விரைவில் அதனைக் கலைக்குப் பயன்படுத்தினர்.

இரண்டாவது, குழியிலிருந்து எடுக்கும் அச்சு. செப்பு அல்லது துத்தநாகத் தகட்டில் கோடு கீறி அல்லது அமிலத்தால் அரித்து, அக்குழிகளில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து அழுத்துவர். இங்கு விதி தலைகீழாகும். குழியே கறுப்பாக விழும்.

மூன்றாவது கல்லச்சு. எண்ணெயும் நீரும் ஒட்டாதவை என்ற உண்மையே இதன் அடிப்படை. வழவழப்பான சுண்ணக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் வரைந்து, கல்லை நனைத்து, மையுருளையை ஓட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். 1790களின் பிற்பகுதியில் இதனைக் கண்டறிந்தவர் பவேரியா நாட்டு நாடக ஆசிரியர் அலோய்ஸ் செனபெல்டர். தம் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடியபோது அவர் இதனை அடைந்தார்.

இக்கல்லச்சே நம் வீட்டுச் சுவர்களுக்குத் தெய்வப் படங்களைக் கொண்டுவந்தது. கேரளத்து ஓவியர் இராஜா இரவிவர்மா 1894ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் நிறுவி, தாம் தீட்டிய இலக்குமி, சரஸ்வதி உருவங்களை வண்ணத்திற்கு ஒரு கல்லாக அச்சிட்டு வெளியிட்டார். கோயில் கருவறைக்கு அருகே செல்லும் உரிமை மறுக்கப்பட்டிருந்த ஏழை மக்களும் அதனால் தம் குடிசையில் தெய்வ உருவத்தை வைத்து வணங்க முடிந்தது. பின்னர்த் தமிழ்நாட்டில் கோவில்பட்டியைச் சேர்ந்த சி. கொண்டையராஜு அவ்வழியைத் தொடர்ந்தார். 1898ஆம் ஆண்டு பிறந்து 1976ஆம் ஆண்டு மறைந்த அவர், நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர். தம்மிடம் வந்த இளைஞர்களுக்கும் அத்தொழிலைக் கற்பித்தவர். அவரும் அவர்தம் சீடர்களும் எழுதிய தெய்வ ஓவியங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளாகித் தமிழர் வாழும் ஊர்களுக்கெல்லாம் சென்றன.

நான்காவது திரையச்சு. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியில் வேண்டாத இடங்களை அடைத்து, ரப்பர் விளிம்புள்ள கட்டையால் மையைத் தள்ளினால், திறந்த இடம் வழியே மை கீழே இறங்கும். விளையாட்டுக் குழுவின் பனியனிலும் திருவிழாப் பதாகையிலும் நாம் காண்பது இதுவே.

நம் நாட்டில் வழங்கும் பாத்தேக் இவற்றுக்கு உறவான கலை. உருகிய மெழுகைச் சாந்திங் என்னும் சிறு குழலுள்ள கருவியால் துணிமேல் வரைந்தோ, உலோக அச்சால் ஒற்றியோ சாயத்தைத் தடுப்பது அதன் முறை. 1950களில் பினாங்கு ஓவியர் சுவா தியன் தெங், உடைக்குரிய அக்கைத்தொழிலைச் சுவரில் மாட்டும் ஓவியமாக உயர்த்தி உலகப் புகழ் பெற்றார். அவர் வரைந்தவை பெரும்பாலும் தாயும் சேயும், மீனவரும், சந்தை மக்களும்.

புதன்கிழமை மாலைகள்

ஒரு கலையை ஒருவர் கற்றிருப்பது வேறு. அதனைப் பிறரோடு பகிர்வது வேறு. நம் தலைநகரில் இப்பகிர்வு ஓர் இயக்கமாக மலர்ந்தது 1950களின் தொடக்கத்தில் ஆகும். மலாயாவின் பள்ளிகளில் ஓவியக் கல்வியைக் கவனிக்க இங்கிலாந்திலிருந்து வந்த பீட்டர் ஹாரிஸ், கோலாலம்பூரில் ஆர்வமுள்ளோரைக் கூட்டி, புதன்கிழமை ஓவியக் குழுவை அமைத்தார். புதன்கிழமைகளில் கூடியமையால் அப்பெயர் வந்தது. தேர்ந்த ஓவியர்க்கு மட்டும் உரிய சங்கமாக அது இருக்கவில்லை. ஆசிரியர்கள் வந்தனர், அலுவலக ஊழியர்கள் வந்தனர், பள்ளி மாணவர்களும் வந்தனர். மலாய்க்காரர், சீனர், இந்தியர், யுரேசியர் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர்.

ஹாரிஸ் தம் பாணியைப் பிறர்மேல் சுமத்தவில்லை. ஐரோப்பிய ஓவியங்களைப் பார்த்து எழுதச் சொல்லவுமில்லை. அவரவர் கண்டதை அவரவர் மனம் போல வெளியிடுக என்பதே அவர் வழி. அதன் பயனாக ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதைப் போல் இராமல் தனித்தனியே வளர்ந்தது. அக்குழுவில் பழகிய பேட்ரிக் இங் கா ஓன், மண், நீர், காற்று ஆகியவற்றின் உயிர்நிலையைப் பாத்தேக் போன்ற நுண்ணிய கோலங்களால் 1958ஆம் ஆண்டில் தீட்டினார். சியோங் லாய் தோங் வரைந்த வடிவங்களே 1963ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேசிய அரும்பொருளகத்தின் முகப்பில் கண்ணாடிச் சில்லுகளால் பதிக்கப்பட்டுள்ளன. கோலாலம்பூருக்கு வந்து அக்கட்டடத்தின் எதிரே நின்ற தோட்ட மக்கள் பலர் அதனைக் கண்டிருப்பர்.

தமிழ்ப் பெண்மணிகளும் இக்குழுவில் இடம்பெற்றனர் என்பது நாம் பெருமைப்படத் தக்கது. சிவம் செல்வரத்தினமும் கிரேஸ் செல்வநாயகமும் அவர்களுள் இருவர். கிரேஸ் செல்வநாயகம் தூரிகையோடு நின்றுவிடாமல் துணிக்கலையிலும் ஈடுபட்டார். மலாய் மக்களின் சொங்கேட் நெசவைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1990ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓர் இனத்தின் கைத்திறனை மற்றோர் இனத்தவர் மதித்துக் கற்று நூலாக்கியது நம் நாட்டின் ஒற்றுமைக்கு நல்ல சான்று.

இளைஞருள் குறிப்பிடத்தக்கவர் சுல்கிப்ளி புயோங். 1948ஆம் ஆண்டு பிறந்த அவர், பள்ளி மாணவராக இருந்தபோதே வண்ணக்கோலால் சிறுவர் விளையாட்டுகளை வரைந்தார். 1966ஆம் ஆண்டில் அவர் எழுதிய ‘காகிதக் கப்பல்’ நம் நாட்டு ஓவியங்களுள் புகழ்பெற்ற ஒன்று. மழைநீரில் காகிதக் கப்பல் விடுவது எந்த லயத்துக் குழந்தையும் அறிந்த விளையாட்டு. பெரிய செய்தி எதுவும் வேண்டாம், தான் வாழ்ந்த வாழ்க்கையே போதும் என்று அச்சிறுவர்க்குத் துணிவு தந்தது அவர் கற்ற சூழலே எனலாம்.

1958ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் துங்கு அப்துல் ரஹ்மான் தேசியக் கலைக்கூடத்தைத் திறந்துவைத்தார். தொடக்கத்தில் அம்பாங் சாலையில் இருந்த அக்கூடம், 1998ஆம் ஆண்டு முதல் தெமர்லோ சாலையில் உள்ள கட்டடத்தில் இயங்கி வருகிறது.

பொதுப் பட்டறை என்னும் வழக்கம்

அச்சோவியருக்கும் பிற ஓவியருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தூரிகைக்காரர் தம் அறையில் தனியே எழுதலாம். அச்சு இயந்திரமோ கனமானது, விலை மிக்கது. எனவே பலர் சேர்ந்து ஒரே பட்டறையைப் பயன்படுத்துவது உலகெங்கும் வழக்கமாயிற்று. பாரிஸ் நகரில் ஸ்டான்லி வில்லியம் ஹெய்ட்டர் 1927ஆம் ஆண்டில் தொடங்கிய ‘அத்தேலியே 17’ என்னும் பட்டறை அவற்றுள் பெயர்பெற்றது. அங்கு ஆசானும் மாணவரும் அருகருகே நின்று வேலை செய்தனர். ஒருவர் கண்ட உத்தி மற்றவர்க்கு மறைக்கப்படவில்லை. ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண ரெட்டி அப்பட்டறையில் சேர்ந்து, பின்னர் அதன் இணை இயக்குநரானார். மைகளின் அடர்த்தியை மாற்றி ஒரே தகட்டிலிருந்து பல வண்ணங்களை ஒருங்கே எடுக்கும் முறையை வளர்த்தவருள் அவரும் ஒருவர். சிலாங்கூரில் 1946ஆம் ஆண்டு பிறந்த லோங் தியன் ஷி 1960களில் அதே பட்டறையில் பயின்று, பின்னர் லண்டன் அரச கலைக்கல்லூரியில் கற்று, நம் நாட்டின் முன்னணி அச்சோவியராக விளங்கினார்.

இயந்திரமே இல்லாமலும் இக்கலையைப் பகிரலாம் என்று காட்டியவர் நம் நாட்டின் சபா மாநிலத்து இளைஞர். ரானாவ் வட்டாரத்தில் 2010ஆம் ஆண்டில் தோன்றிய பங்ரோக் சூலாப் என்னும் குழுவினர் பெரிய பலகைகளில் கிராம வாழ்க்கையைச் செதுக்கினர். சூலாப் என்பது தூசுன் மொழியில் குடிசை. மை பூசிய பலகைமேல் துணியை விரித்து, ஊரார் அனைவரும் அதன்மேல் ஏறி மிதித்தும் ஆடியும் அச்செடுப்பது அவர்கள் கையாண்ட முறை. ‘வாங்காதே, நீயே செய்’ என்னும் பொருள்பட அமைந்த மலாய் வாசகம் அவர்களின் கொள்கை. கிராமங்கள்தோறும் சென்று கற்பித்த அவர்களின் படைப்புகள் 2018ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் தொடங்கிய ஆசிய பசிபிக் கலைக்காட்சியிலும் இடம்பெற்றன.

சிறிய முயற்சி பெரிதாக வளர்ந்ததற்கு ஆசிய வரலாற்றிலும் சான்றுகள் உண்டு. 1931ஆம் ஆண்டு ஆகஸ்டில் சீன எழுத்தாளர் லூ சுன், ஷாங்காய் நகரில் பதின்மூன்று இளைஞர்க்கு மரச்செதுக்கு அச்சைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். ஜப்பானிய ஆசிரியர் ஒருவர் சொல்ல, லூ சுன் அருகிலிருந்து மொழிபெயர்த்தார். பயிற்சி ஆறே நாள்தான். அந்த ஆறு நாளிலிருந்து சீனாவின் புதிய மரச்செதுக்கு இயக்கம் கிளைத்தது. இந்தியாவில் நந்தலால் போஸ், 1930ஆம் ஆண்டு உப்பு அறப்போரின்போது காந்தியடிகள் கோலூன்றி நடக்கும் தோற்றத்தை லினோவில் செதுக்கினார். கறுப்பும் வெள்ளையும் தவிர அதில் வேறு வண்ணமில்லை. அதே ஆண்டில் கவி தாகூர் வங்கக் குழந்தைகளுக்காக எழுதிய பாடநூலுக்கும் அவர் லினோ அச்சுப் படங்களைச் செய்தளித்தார்.

தோட்ட மண்டபத்தில் செய்யும் முறை

இனி இதனை நாமே செய்வது எவ்வாறு என்று காண்போம். லினோத் துண்டு, சிற்றுளிகள், மையுருளை, அச்சு மை ஆகியவை கோலாலம்பூர், கிள்ளான் நகரங்களின் ஓவியப் பொருட்கடைகளில் கிடைக்கும். லினோ கிடைக்காவிடில் மெல்லிய ஒட்டுப்பலகை போதும்.

முதலில் படத்தைத் தாளில் எழுத வேண்டும். அச்சில் இடம் வலமாக மாறும் என்பதை மறக்கலாகாது. படத்தில் எழுத்து இருந்தால் தாளை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பின்புறமாகப் படியெடுத்து, அதனைப் பலகைக்கு மாற்றுக. இல்லையேல் ‘அ’ கரம் தலைதிரும்பி நிற்கும். வெண்மையாக வேண்டிய இடங்களைக் கோடிட்டு அடையாளம் செய்துகொள்வது நலம்.

லினோவைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் இளகும், செதுக்குவது எளிதாகும். இங்கு நம் தொழிலாளர்க்கு ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் பெரிதும் வழங்கிய ஜெபோங் வகைப் பால்மரக் கத்தியை இழுத்துச் சீவுவது வழக்கம். அச்சுளியையோ நம்மைவிட்டு விலகும்படி முன்னோக்கித் தள்ள வேண்டும். பலகையைப் பிடிக்கும் கை எப்பொழுதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். மேசையில் ஒரு முட்டுக்கட்டை அறைந்து அதில் பலகையைச் சார்த்திக்கொண்டால் கை தப்பும். ஒருமுறை செதுக்கியதை மீண்டும் ஒட்ட இயலாது. ஆகவே சிறிது சிறிதாகவே நீக்குக.

செதுக்கி முடித்தபின், கண்ணாடித் துண்டில் சிறிதளவு மையை உருளையால் மெல்லியதாகப் பரப்பி, பலகைமேல் பல திசைகளில் ஓட்டுக. மை மிகுந்தால் நுண்கோடுகள் அடைபடும். பின்னர்த் தாளை மெதுவாக விரித்து, கரண்டியின் பின்புறத்தால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்க்க வேண்டும். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, மங்கலான இடத்தில் மீண்டும் தேய்க்கலாம். எடுத்த படத்தைக் கொடியில் மாட்டி உலரவிடுக. எண்ணெய் மையாயின் சமையல் எண்ணெயும் கந்தைத் துணியும் கொண்டு துடைத்து, பின் சவர்க்காரத்தால் கழுவினால் கருவிகள் தூய்மையாகும்.

படத்தின் அடியில் எண்ணிடுவது அச்சோவியரின் வழக்கம். இருபது படங்கள் எடுத்திருந்தால் மூன்றாவது படத்தில் 3/20 என்று எழுதிப் பக்கத்தில் கையொப்பமிடுவர். எத்தனை எடுத்தோம் என்பதை வாங்குவோர்க்கு மறைக்காமல் சொல்லும் நேர்மை அது.

சிறு குழந்தைகளுக்கு உளி ஆகாது. அவர்களுக்கு வெண்டைக்காயின் குறுக்குவெட்டு, வாழைத்தண்டு, மரவள்ளிக்கிழங்குத் துண்டு ஆகியவையே அச்சு. மூன்று சிற்றிலைகள் கொண்ட ரப்பர் இலையின் நரம்புப் பக்கத்தில் வண்ணம் பூசித் தாளில் ஒற்றினால் அழகிய அச்சு விழும். மிதிவண்டியின் பழைய உட்குழாயைக் கத்தரித்து மீன், பறவை, வீடு ஆகிய வடிவங்களாக அட்டையில் ஒட்டினாலும் நல்ல அச்சுப்பலகை கிடைக்கும். அதுவும் ரப்பரே.

எதனைச் செதுக்குவது?

இக்கேள்வியே மற்றெல்லாவற்றினும் முதன்மையானது. பிரிக்பீல்ட்ஸை அடுத்துள்ள பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். அதன் பெயரே தோட்ட உரிமையாளர்களான பங்கே, கிரிசார் ஆகியோரின் பெயர்களிலிருந்து வந்தது என்பர். சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்ட் தோட்டத்து நிலத்தில். கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வாறு வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிய ரப்பர்த் தோட்டங்கள் பல. நாடு வளர நிலம் மாறுவது இயல்பு. ஆயினும் அங்கு லயங்கள் எவ்வாறு நின்றன, பெரட்டுக் களத்தில் மக்கள் எவ்வாறு கூடினர், பால் வாளியைத் தாய்மார் எவ்வாறு சுமந்தனர், ஆயாக்கொட்டகையில் தூளிகள் எவ்வாறு வரிசையாகத் தொங்கின என்பன மூத்தோரின் நினைவில் மட்டுமே நிற்கின்றன. பழைய ஒளிப்படங்களில் மரத்தடியில் நிற்பவரின் முகம் இருக்கும்; பெயர் பெரும்பாலும் இராது.

ஏடுகளில் நம் முன்னோர் விட்டுச்சென்றது பெருவிரல் அச்சு ஒன்றே. அதனைப் பதிக்கச் சொன்னவர் வேறொருவர். எதற்காகப் பதிக்கிறோம் என்பதும் பலர்க்குத் தெரியாது. இன்று நம் பிள்ளைகள் எழுத்தறிந்தவர்கள். பாட்டியிடம் கேட்டறிந்ததைப் பேரன் பலகையில் செதுக்கி, அதன் அடியில் பாட்டியின் பெயரையும் தன் பெயரையும் எழுதினால், அந்த அச்சு அக்குடும்பத்தின் வரலாற்றுச் சான்றாக நிற்கும். அதனை எழுத வெளியிலிருந்து எவரும் வர வேண்டியதில்லை.

தோட்ட இளைஞர் மன்றமும் மாதர் சங்கமும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் ஒன்றுகூடினால் இதனைத் தொடங்கலாம். ஓர் உளித் தொகுப்பும் ஓர் உருளையும் பத்துப் பேருக்குப் போதும்; கோத்தோங் ரோயோங் முறையில் பணம் சேர்த்து வாங்கினால் எவர்க்கும் சுமையாகாது. அருகிலுள்ள நகரத்து ஓவியர் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் செய்துகாட்டச் சொல்லலாம். பகிர விரும்பும் கலைஞர் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர் உள்ளனர். தீபாவளிக்கு முன் தொடங்கினால், முதலில் எடுக்கும் அச்சுகளையே வாழ்த்து அட்டைகளாக உறவினர்க்கு அனுப்பலாம். தேசிய நாளன்று மண்டபச் சுவரில் எல்லார் படங்களையும் மாட்டிக் கண்காட்சி வைக்கலாம்.

முதல் அச்சு செம்மையாக வராமற் போகலாம். மை திட்டுத் திட்டாக விழலாம். புதிதாக மரம் சீவக் கற்றவரின் முதல் மாதத்து வெட்டும் அவ்வாறே இருந்தது. பொறுமையாகத் தொடர்ந்தால் கை தானே வழியறியும்.